பெருந்துயரத்துக்குப் பிறகு: மறுபடி நம்பிக்கை வந்து சேரும்வரை ஒரு வழிகாட்டி

உங்களுக்கு அது நடந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால், இந்தக் கட்டுரையை முழுதாகப் படிக்க வேண்டாம். முதல் படியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுங்கள். மற்றதெல்லாம் இங்கேயேதான் இருக்கும். அந்த நாள்களில் ஒரு பத்தியை மூன்று முறை படித்தாலும் மனதில் ஏறாது. உங்களுக்கு மட்டும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள், பேரதிர்ச்சியில் எல்லோருக்கும் அப்படித்தான்.

என் அண்ணன் ஒரு சாலை விபத்தில் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அப்போது எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் பாதி, "தைரியமா இரு" என்பதன் வெவ்வேறு வடிவங்கள். எப்படி இருப்பது என்று யாரும் சொல்லவில்லை. நான் தட்டுத் தடுமாறிக் கற்றதையும், துக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் கண்டதையும் சேர்த்து, அந்த "எப்படி"யைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மரணத்தை வைத்தே பேசினாலும், மணமுறிவு, ஒரு கையோ காலோ போவது, கட்டி எழுப்பிய தொழில் ஒரே நாளில் சரிவது போன்றவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் நம்பிக்கை வந்து, அந்தத் தெம்பில் எழுந்து நடப்போம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். நடந்துகொண்டிருக்கும்போதுதான் அது எங்கேயோ வந்து சேர்ந்துகொண்டது. அதனால் மனசில் துளி நம்பிக்கையும் இல்லையே என்று பயப்பட வேண்டாம். கீழே உள்ள எதையும் தொடங்க அது தேவையில்லை.

முதல் படி: உடம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்

துக்கம் மனசோடு நிற்பதில்லை. நெஞ்சு கனக்கும், தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும், காரணமில்லாமல் கை நடுங்கும். இவை பெரும்பாலும் தானாகக் குறையும். ஆனால் நெஞ்சுவலியை மட்டும் "துக்கத்துல அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். கடும் அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை திடீரென்று பலூன் மாதிரி உப்பி, வலுவிழந்துபோகும் ஒரு நிலை உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். அந்த அறை, ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் பானையின் வடிவத்தில் தெரிந்ததால் அதற்கு 'டகோட்சுபோ' என்று அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் அதுவா, உண்மையான மாரடைப்பா என்று வலி வரும் ஆளால் சொல்ல முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், வேளைக்கு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். நீங்கள் மறப்பீர்கள்.

மற்றபடி முதல் வாரத்தின் வேலை மிகச் சின்னது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். பசி இல்லாவிட்டாலும் வேளைக்கு நாலு வாய். தூக்கம் வராவிட்டாலும் விளக்கை அணைத்துப் படுப்பது. நாளில் ஒருமுறையாவது வெயில் முகத்தில் படும்படி வெளியே வந்து நிற்பது. வண்டி ஓட்டாதீர்கள், கவனம் எங்கேயோ இருக்கும். அடுத்தவர் தரும் தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். மதுவும் வேண்டாம்: குடித்தால் முதல் இரண்டு மணி நேரம் தூங்க வைக்கும், அப்புறம் நடுராத்திரியில் எழுப்பி உட்கார வைத்துவிடும்.

பெரிய முடிவு எதையும் இப்போது எடுக்காதீர்கள். வீட்டை விற்பது, வேலையை விடுவது, ஊரை மாற்றுவது, இறந்தவரின் பொருள்களை மொத்தமாகக் கொடுத்துவிடுவது எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "இப்போ இல்லை." யாராவது ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், நீங்கள் நம்பும் ஒருவர் அதை வாசித்த பிறகுதான் போட வேண்டும். கேட்பவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் சரி.

இரண்டாம் படி: உதவியை வேலையாகப் பிரித்துக் கொடுங்கள்

வருபவர்கள் எல்லோரும் "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பார்கள். உண்மையாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியாது. உங்களுக்கோ யோசிக்கத் தெம்பு இருக்காது. ஒரு தாளை எடுத்து வேலைகளை எழுதிவிடுங்கள்: இறப்புச் சான்றிதழுக்கு அலைவது, வங்கிக்கும் காப்பீட்டுக்கும் தகவல் சொல்வது, குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, தொலைபேசியில் திரும்பத் திரும்ப அதே கதையைச் சொல்வது. இந்தக் கடைசி வேலையைக் கட்டாயம் இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். எப்படி நடந்தது என்று நாற்பது பேருக்கு நாற்பது தடவை சொல்வதைப்போல் ஆளை உருக்குவது வேறில்லை. அடுத்த முறை யாராவது "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால், தாளைப் பார்த்து ஒரு வேலையைச் சொல்லுங்கள். அவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும்.

நடந்ததை யாரிடமும் விலாவாரியாகப் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பேரழிவு நடந்தவுடன் பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து, எல்லாவற்றையும் ஒரே அமர்வில் கொட்ட வைக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அதனால் பலன் இல்லை, சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்று தெரிந்த பிறகு உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011-இல் அது வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேட்டின் சாரம் எளிமையானது: என்ன தேவை என்று பார், அவர் பேசினால் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடு. உங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றையும் காட்டுங்கள்.

"விதி", "நல்லவங்களைத்தான் கடவுள் சீக்கிரம் கூப்பிடுவார்", "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க" என்றும் சொல்வார்கள். வாதாட வேண்டாம். "சரி, நான் கொஞ்சம் படுக்கணும்" என்று எழுந்துவிடலாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், "தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லாதீர்கள். அதற்கப்புறம் அந்தக் குழந்தை தூங்கவே பயப்படலாம், வாசலிலேயே காத்திருக்கலாம். "இறந்துட்டாங்க, அவங்க உடம்பு வேலை செய்யுறதை நிறுத்திடுச்சு, திரும்ப வரமாட்டாங்க" என்ற நேரான சொற்களே அதற்கு நல்லது. அதோடு, "இது உன்னால நடக்கலை" என்பதையும் சொல்லுங்கள். குழந்தைகள் கேட்காமலே அதைச் சந்தேகப்படுவார்கள்.

மூன்றாம் படி: "ஐந்து கட்டம்" கணக்கை விடுங்கள்

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஒரு பட்டியலை எங்காவது படித்திருப்பீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-இல் வெளியிட்டது அது. ஆனால் அவர் அதை எழுதியது, தீராத நோயில் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. உறவைப் பறிகொடுத்தவர்களுக்கான கால அட்டவணையாக அது பிறக்கவில்லை. எனக்குக் கோபமே வராதபோது, என் துக்கத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று பயந்தேன். இல்லை. எல்லோருக்கும் எல்லாம் வராது, வரிசையாகவும் வராது.

எனக்கு உதவிய விளக்கம் வேறு. 1999-இல் நெதர்லாந்தில் பணிபுரிந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷட் என்ற இருவர் துக்கத்தை ஓர் ஊசலாட்டமாக விவரித்தார்கள். ஒரு பக்கம் இழப்பு: அழுவது, ஏங்குவது, படத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. மறுபக்கம் வாழ்க்கை: பில் கட்டுவது, இதுவரை அவர் செய்த வேலையைக் கற்றுக்கொள்வது, கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்திருப்பது. மனிதர் இந்த இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வருவார், அந்தப் போக்குவரத்துத்தான் ஆறும் வழி என்றார்கள். ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

அண்ணன் போன இரண்டாவது வாரம், சித்தி மகன் ஏதோ பழைய கதையைச் சொல்ல, நான் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் நின்றது. திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன்போல எழுந்து மாடிக்குப் போனேன். அந்தச் சிரிப்பு துரோகம் இல்லை, ஊசல் மறுபக்கம் போய்வந்த நேரம் அது என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

இதை எப்படிப் பழக்குவது? நாளில் இருபது நிமிடத்தைத் துக்கத்துக்கென்றே ஒதுக்குங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, படம், சட்டை, பழைய செய்திகள் எதை வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரம் முடிந்ததும் முகம் கழுவிவிட்டு, உடம்பு அசையும் ஒரு வேலைக்குப் போங்கள். பாத்திரம் தேய்ப்பதானாலும் பரவாயில்லை. மற்ற நேரத்தில் அலை வந்தால் வரட்டும். ஆனால் தனக்கென்று ஒரு நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் துக்கமும் கொஞ்சம் காத்திருக்கிறது. என் அனுபவத்தில் இது உண்மை.

ஒரே வீட்டில் ஒருவர் ஒரு பக்கமும் இன்னொருவர் மறுபக்கமும் இருப்பார்கள். மனைவி அழுதுகொண்டே இருக்க, கணவர் குழாயை ரிப்பேர் பண்ணிக்கொண்டிருப்பார். "உனக்கு வலிக்கவே இல்லையா?" என்று சண்டை தொடங்குவது இங்கேதான். அவருக்கும் வலிக்கிறது. அந்தக் குழாயை விட்டால் அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

நான்காம் படி: "நான் மட்டும் அன்னிக்கு..." என்பதை உட்கார்ந்து பாருங்கள்

என்னை நெடுநாள் அரித்தது துக்கத்தைவிடக் குற்ற உணர்ச்சிதான். விபத்துக்கு முந்தின சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். "அப்புறம் கூப்பிடறேன்" என்று ஒரு வரி அனுப்பினேன். கூப்பிடவில்லை. அந்த ஒரு வரியை எத்தனை ராத்திரி எடுத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

"உன் தப்பு இல்லை" என்று பிறர் சொல்வது உள்ளே இறங்காது. நாமே பார்த்தாக வேண்டும். ஒரு தாளில் நடுக்கோடு போடுங்கள். இடப்பக்கம், அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரியும். வலப்பக்கம், இப்போது எனக்கு என்ன தெரியும். என் தாளில் இடப்பக்கம் இருந்தவை: மணி ஆறு, அண்ணன் வாரம் நாலு தடவை கூப்பிடுவார், பெரும்பாலும் சும்மாதான், மீட்டிங் ஏழு மணிக்கு முடியும். வலப்பக்கம் ஒரே வரி: அதுதான் கடைசி அழைப்பு. வலப்பக்கத்துத் தகவலை வைத்துக்கொண்டு இடப்பக்கத்து மனிதனுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. முடிந்துபோன ஒன்றைத் திரும்பிப் பார்த்தால், அப்படித்தான் நடக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்போலத் தோன்றும். அது மனித மூளையின் பழைய மயக்கம்.

இடப்பக்கத்தில் உண்மையிலேயே ஒரு பிழை இருந்தால்? அதையும் மழுப்ப வேண்டாம். நம்பகமான ஒருவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். ஈடு செய்யக்கூடியது ஏதாவது மிச்சமிருந்தால் அதைச் செய்யுங்கள். கவனக்குறைவு வேறு, கெடுதல் நினைப்பது வேறு. ஆயுள் தண்டனை இரண்டாவதற்குக்கூட எப்போதும் கொடுப்பதில்லை.

எழுதுவது பற்றி இன்னும் ஒன்று. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் வாழ்வின் மிகக் கடினமான அனுபவத்தைப் பற்றி எழுதவைத்தார். நடந்ததோடு, அதில் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தரும் வித்தை இல்லை இது. புண் பச்சையாக இருக்கும் முதல் வாரங்களில் தொடங்கவும் வேண்டாம். ஒன்றிரண்டு மாதம் போகட்டும். யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுங்கள், பிழை திருத்தாதீர்கள். எழுதியதும் நெஞ்சு மேலும் இறுகுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: உறவை முடிக்காதீர்கள், வேறு இடத்தில் வையுங்கள்

அண்ணனின் போனில் தினமும் காலை ஐந்து பத்துக்கு அலாரம். லாக் எண் யாருக்கும் தெரியாது. அவர் போன மறுநாளும் அது அடித்தது. அப்பா அணைக்கப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். அதன்பிறகு தினமும் ராத்திரி அந்தப் போனுக்கு அம்மாவே சார்ஜ் போடுவார். காலையில் அது அடிக்கும், அம்மா கையால் நிறுத்துவார். "இது நல்லதில்லை, அந்த போனை எடுத்து ஒளிச்சு வை" என்று உறவினர்கள் என்னிடம் சொன்னார்கள். நானும் கிட்டத்தட்ட எடுத்துவிட்டேன்.

போனவரிடமிருந்து மனதைப் பிரித்தெடுத்து வேறிடம் செலுத்துவதே துக்கத்தின் வேலை என்று உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்ட் 1917-இல் எழுதினார், அது நெடுங்காலம் கோலோச்சியது. 1920-இல் அவருடைய மகள் சோஃபி இன்ஃபுளுயன்சாவில் இறந்தாள். 1929-இல், மகனைப் பறிகொடுத்த நண்பர் லூட்விக் பின்ஸ்வாங்கருக்குக் கடிதம் எழுதியபோது, அந்த இடத்தை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது, அப்படியே இருப்பதும் சரிதான், அந்த அன்பை நாம் விட விரும்பாததன் வழி அது என்ற பொருளில் அவரே எழுதினார். 1996-இல் டென்னிஸ் கிளாஸும் அவரோடு சேர்ந்தவர்களும் இதற்கு 'தொடரும் பிணைப்பு' என்று பெயர் கொடுத்தார்கள்: இறந்தவரோடு உள்ள உறவு முடிவதில்லை, உருமாறுகிறது.

அந்த ஐந்து பத்து அலாரத்தால் என்ன ஆயிற்று? படுக்கையைவிட்டு எழவே மாட்டேன் என்றிருந்த அம்மா, அதை நிறுத்த எழுந்தார். எழுந்தபின் தூக்கம் வராது, அதனால் வெளியே வந்து உட்கார்ந்தார். இரண்டு மாதம் கழித்து, அந்த நேரத்தில் நடக்கப் போனார்.

உங்கள் கேள்வியும் அதுதான். நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் பொருளோ பழக்கமோ, உங்களை எழுப்புகிறதா, படுக்க வைக்கிறதா? எழுப்பினால் யார் என்ன சொன்னாலும் வைத்துக்கொள்ளுங்கள். பொருள்களை மூன்றாகப் பிரிக்கலாம்: வைத்துக்கொள்பவை, கொடுப்பவை, இன்னும் தெரியாதவை. மூன்றாவது பெட்டி பெரிதாக இருப்பதில் தவறில்லை. அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்துத் திறந்து பாருங்கள்.

காணாமல் போனவர்கள், உடல் கிடைக்காதவர்கள், உயிரோடு இருந்தும் நினைவு தப்பிப் போனவர்கள் இவர்களின் குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். இதை 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் பாலின் பாஸ். அவர்களிடம் "ஏத்துக்கோ" என்று சொல்வது கொடுமை. "வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்" என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு இன்றைய நாளை ஓட்ட முடியும், அது பைத்தியக்காரத்தனம் இல்லை.

ஆறாம் படி: தேதிகளுக்கு முன்பே தயாராகுங்கள்

பிறந்த நாள், இறந்த நாள், பண்டிகை. வலி பெரும்பாலும் அதற்கு முந்தின வாரமே தொடங்கிவிடும், காரணம் புரியாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுவோம். காலண்டரில் குறித்துவைத்து, அன்று யாரோடு இருப்பது, என்ன செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று முன்பே முடிவு பண்ணிவிடுங்கள். திட்டத்தைக் கடைசி நேரத்தில் மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஏழாம் படி: எப்போது மருத்துவ உதவி

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், எதற்கும் காத்திருக்க வேண்டாம். "அவங்ககூடப் போய்ச் சேர்ந்திடணும்" என்ற ஏக்கம் துக்கத்தில் பலருக்கு வந்துபோகும். அது 'எப்படி' என்ற யோசனையாக மாறினால் அவசர நிலை. பக்கத்தில் இருப்பவரிடம் அப்படியே சொல்லுங்கள், உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்படி இல்லாவிட்டாலும், மாதங்கள் போயும் ஏக்கம் முதல் வாரத்தின் வேகத்திலேயே நின்று, வேலை, சாப்பாடு, மனிதர்கள் எதையும் தொட முடியவில்லை என்றால், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. 'நீடித்த துக்கக் கோளாறு' என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதைச் சேர்த்திருக்கிறது. அதன்படி குறைந்தது 6 மாதம் தாண்டியிருக்க வேண்டும். 2022-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறை பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. சும்மா ஆண்டுகள் கடந்தும் அழுகை வருவது இந்தக் கோளாறு இல்லை. எனக்கு இன்றும் வரும்.

எட்டாம் படி: சின்னச் சின்ன வாக்குகள்

எழ முடியாது என்று தோன்றும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர் ஜார்ஜ் பொனானோ பல ஆண்டுகள் துக்கத்தில் இருப்பவர்களைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் எழுதியது, மீண்டு நிற்கும் திறன் அபூர்வமான வீரர்களின் சொத்து இல்லை, அது சாதாரண மனிதர்களிடம் பரவலாக இருப்பது என்றுதான். அதே சமயம், "இதனாலதான் நீ பக்குவப்பட்டே" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. துயரத்துக்குப் பின் சிலருக்கு வாழ்க்கை மேல் புதுப்பார்வை வருகிறது என்பதை ஆராய்ந்தவர்களே, அது வலியோடு சேர்ந்தேதான் இருக்கும், வலிக்குப் பதிலாக வராது என்கிறார்கள். வளரவில்லை என்றாலும் நீங்கள் தோற்றுவிடவில்லை.

செய்ய வேண்டியது இது. வாரத்துக்கு ஒரு சின்ன வாக்கு கொடுங்கள், உங்களுக்கோ இன்னொருவருக்கோ. வியாழக்கிழமை அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரண்டு கணக்குச் சொல்லித் தருவேன். இன்னொருவர் காத்திருக்கும் வாக்கு நல்லது, அது எழ மனமில்லாத நாளிலும் இழுத்துக்கொண்டு போகும். முடியாமல் போன வாரத்தை எண்ணாதீர்கள், அடுத்த வாரம் மறுபடி ஒன்று. அப்புறம், இரண்டு மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியில் ஒரு வேலையைக் காலண்டரில் எழுதிவையுங்கள். பல் டாக்டரிடம் போவதாகக்கூட இருக்கலாம்.

அம்மா நடக்கப் போன பாதையில் இன்னொரு அம்மாவும் வருவார், மகளை இழந்தவர். முதல் ஒரு வருடம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. பிறகு சேர்ந்து நடந்தார்கள். என்ன பேசுவார்கள் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் அம்மா செருப்புக் கடைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். "நடக்கறதுக்கு ஷூ வேணும். கொஞ்சம் நல்லதா, ரெண்டு வருஷம் உழைக்கிற மாதிரி."

நாலாவது வருடம் அண்ணனின் போன் பேட்டரி உப்பி, திரை விலகிக்கொண்டது. வைத்திருப்பது ஆபத்து என்றேன். அம்மா சற்று நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார். அன்று ராத்திரி தன் போனை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "இதுல அலாரம் எப்படி வைக்கிறதுன்னு சொல்லிக் குடு. ஐந்து பத்துக்கு."